ஏழாவது பொருள்

டியூப் மறுபடியும் கட்டையாகிவிட்டது. மூன்று வருடத்தில் இது நாலாவது. வாங்கி வரும்போது கையில் சுருட்டிக்கொள்ளலாம், அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஏழெட்டு மாதம் டிரம்மில் கிடந்தால் போதும், இறுகி, மங்கி, வளைத்தால் படக்கென்று உடைந்துவிடும். உடைந்த இரண்டு துண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் சந்தைக்கு இறங்கினேன். செப்டம்பர் மாதம் எங்கள் மலையில் குடை வைத்திருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

சந்தையில் என் மாமியார் பாமாயில் விற்கிறார். மா மெத்தாங்மோ என்றால் அந்த வரிசையில் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருடமாக அதே மூலை, அதே தகரக்கூரை, அதே மரமுக்காலி. ஒருமுறை எண்ணெய் கொண்டுவந்து போட்டவன் சிவப்புச் சாயம் கலந்துவிட்டான் என்று தெரிந்ததும், முழு டிரம்மையும் சந்தை நடுவில் உருட்டிச் சாக்கடையில் கவிழ்த்தவர். அந்தக் கதையை அவர் சொல்ல வேண்டியதே இல்லை, மற்றவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

"என்னடி டாக்டரம்மா, மறுபடியும் ஒடச்சிட்டியா?"

"நான் உடைக்கல மா, அதுவா உடையுது. எங்கதான் போய் வாங்குறீங்க இந்தக் குப்பைய?"

"குப்பையா? இதே டியூப்பத்தான் நானும் எண்ணெய்க்குப் போட்டிருக்கேன். என்னோடதும் இறுகும்தான், ஆனா ரெண்டு வருஷம் தாங்கும். ஒங்க யுனிவர்சிட்டிலதான் ஏதோ பேய் இருக்கு." பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏழு வருஷமா என் மருமக அந்தப் பேய்கூடத்தான் குடித்தனம் பண்றா. என் மகன் துவாலால தனியா சமைச்சுத் திங்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தக் கேலிக்குப் பதில் சொல்கிற தெம்பு எனக்கு நாலாவது வருடத்திலேயே போய்விட்டது.

என் பெயர் யோலாந்த். நாற்பத்தொரு வயது. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் கூடத்தில் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கிருமியைக் கொல்லும் பொருள்களைப் பிரித்தெடுப்பது என் வேலை. மரத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே கோடாரியோடு கிளம்புகிறவர்கள் கேமரூனில் ஏராளம். பட்டை எடுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. சூரியன் உதிக்கிற பக்கம் ஒரு முழம், மறைகிற பக்கம் ஒரு முழம், அவ்வளவுதான். சுற்றிவர உரித்தால் மரம் செத்துப்போகும். எடுத்தபின் வேரடியில் ஒரு கை உப்பு வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். நான் ஒவ்வொரு முறையும் உப்பு வைத்தேன். அந்த மரம் என்னைக் குறை சொல்ல முடியாது.

பட்டையைக் காயவைத்து, பொடித்து, கரைப்பானில் ஊறவைப்போம். ஊறிய சாற்றை வற்றவைத்தால் தார் போல ஒன்று மிஞ்சும். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா மணலை நிரப்பி, அந்தத் தாரை மேலே வைத்து, கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே சொட்டும். சொட்டுகிறதைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடிக்க வேண்டும். சொல்வதற்கு நாலு வரி, செய்வதற்கு ஏழு வருடம். கரைப்பான் துவாலா துறைமுகத்திலிருந்து பெரிய நீல டிரம்மில் வரும். வந்ததும் அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. வடிக்கிற அடுப்பு என் இரண்டாவது வருடத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் கருகிவிட்டது. புது அடுப்புக்கு நாங்கள் நாலு கடிதம் எழுதினோம். நாலுக்கும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

டிரம்மிலிருந்து கரைப்பானை எடுக்கப் பம்ப்பும் கிடையாது. முதலில் சாய்த்து ஊற்றினோம். பாதி தரையில் போயிற்று. அதைக் கேள்விப்பட்டு மா மெத்தாங்மோ ரப்பர் பூட்ஸோடு எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார். ஒரு டியூப்பை டிரம்மில் விட்டு, மறுமுனையில் வாய்வைத்து உறிஞ்சி, எண்ணெய் இறக்குவது போலவே இறக்கிக் காட்டினார். பிறகு இரண்டு நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தார். அதன்பின் யாரும் வாய்வைக்கத் துணியவில்லை. ஒருமுறை ஓட ஆரம்பித்த டியூப்பை வெளியே எடுக்காமல், முனையை ஒரு கிளிப்பால் நெருக்கிவிட்டு, டிரம்முக்குள்ளேயே விட்டுவைத்தோம். வேண்டும்போது கிளிப்பைத் தளர்த்தினால் போதும். பக்கத்துக் கூடத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அவர்களும் அப்படியே செய்தார்கள். கையில் ஒன்றுமில்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த மாதிரி ஏற்பாடுகளில் ஒரு பெருமை உண்டு. எனக்கும் இருந்தது.

முதல் ஆறு பொருள்களும் உலகம் ஏற்கெனவே அறிந்தவை. ஆறாவது வருடத்தில்தான் ஏழாவது கிடைத்தது. வெளிர்மஞ்சள் எண்ணெய், நகத்தின் மேல் வைக்கிற அளவு. கிருமிச் சோதனைக்குத் தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டு ஒன்று இருக்கிறது. குழியில் கிருமியையும் மருந்தையும் விட்டு, மறுநாள் ஒரு சாயம் சேர்ப்போம். கிருமி உயிரோடு இருந்தால் குழி இளஞ்சிவப்பாகும். அன்று காலை தட்டு முழுக்கச் சிவந்திருக்க, ஏழாவது பொருளின் வரிசை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா களைப்பா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதன் அமைப்பைக் கண்டறிய, தலைநகரில் இருந்த பழைய கருவி ஒன்றில் வரைபடம் எடுத்தோம். சிக்குப்பிடித்த தலைமுடி மாதிரி இருந்தது அது. நானும் என் பேராசிரியர் ஜும்பிசியும் மூன்று மாதம் உட்கார்ந்து, அந்தச் சிக்கிலிருந்து ஒரு புதுப்பொருளை வரைந்தெடுத்தோம். புதுப்பொருளைக் கண்டவர் அதற்குப் பெயர் வைக்கலாம். நான் 'மெத்தாங்மின்' என்று வைத்தேன். என் ஆய்வேட்டின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஏழு வருடம் எனக்குச் சோறு போட்டு, என் மகளைப் பள்ளிக்கு அனுப்பி, எண்ணெய்க் கையோடு எனக்காகச் சாமி கும்பிட்டவருக்கு நான் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து சந்தையில் அவர் யாருக்கு எண்ணெய் ஊற்றினாலும், "மருந்துக்கு என் பேர் வச்சிருக்காங்க, தெரியுமா?" என்று சேர்த்து ஊற்றினார்.

வைவாவுக்கு, அதாவது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு, இன்னும் மூன்று வாரம். அன்று வந்து பார்த்து விருந்துண்ணப் போகும் நாற்பது பேருக்கு ஒரே மாதிரித் துணி தைத்தாகிவிட்டது. சேப்பங்கிழங்கு இடிக்க யார், கோழி உரிக்க யார் என்பது வரை பிரித்தாகிவிட்டது. டிசம்பரில் விரிவுரையாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தோடு டாக்டர் பட்டச் சான்றிதழ் இருக்க வேண்டும். அடுத்த ஆளெடுப்பு எப்போது வரும் என்று அமைச்சருக்கே தெரியாது. என் கணக்கெல்லாம் இந்த மூன்று வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்களில் ஒருவர் மட்டும், வரைபடம் தெளிவாக இல்லை, வேறொன்று எடுத்தால் நன்று என்று எழுதியிருந்தார். ஜெர்மனியில் இருக்கிற எர்வேக்கு ஏழாவது பொருளில் ஒரு துளி அனுப்பியிருந்தேன். என்னோடு படித்தவன், இப்போது அங்கே அப்படியொரு கருவியைக் கவனித்துக்கொள்கிறான். அவனுடைய குரல்பதிவு அன்று எண்ணெய்க் கடையில் நிற்கும்போதுதான் வந்தது. மாமியார் எனக்காகப் புது டியூப்பை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் வைத்தேன்.

"யோலா, கோவிச்சுக்காத. ஒன் ஏழாவது பொருள் மரத்துல வர்றது இல்ல. பிளாஸ்டிக்க வளையுற மாதிரி மெத்துனு ஆக்குறதுக்குப் போடுற எண்ணெய் அது. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். எங்கயோ பிளாஸ்டிக்லேருந்து எறங்கியிருக்கு. இங்க நாங்க எல்லாருமே ஒருதடவயாவது இதுல விழுந்திருக்கோம், ஆனா சீக்கிரமா எந்திரிச்சுட்டோம். பட்டையே போடாம, கரைப்பான மட்டும் வத்தவச்சுப் பாரு. சாரி யோலா. நெஜமாவே சாரி."

வலது கையில் உடைந்த டியூப் துண்டு இருந்தது. இடது கையில் மாமியார் திணித்த புது டியூப், சுருட்டி, மெத்தென்று. இரண்டையும் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். வற்றவைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மெத்தென்று இருந்தது ஏன் இறுகியது என்று மூன்று வருடமாக இந்தக் கையே கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதற்குக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"யாருடி போன்ல? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"எர்வே மா. சும்மா, விசாரிச்சான்."

"வைவாவுக்கு வர்றானாமா?"

"லீவு இல்லையாம்."

ஆனாலும் வற்றவைத்துப் பார்த்தேன். ஏழு வருடம் வேலை செய்தவளுக்கு நம்பாமல் இருக்கவும் ஒரு சடங்கு தேவைப்படுகிறது. பட்டை இல்லை, பொடி இல்லை, வெறும் கரைப்பான் ஐந்து லிட்டர். கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் குடுவையின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு படலம் மிஞ்சியது. பொருள்களை ஒப்பிடுகிற சிலிக்காத் தகட்டில் அதையும் ஏழாவது பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினேன். இரண்டு பொட்டும் ஒரே உயரத்தில் போய் நின்றன, ஒரே பொருள் அப்படித்தான் நிற்கும். பிடிவாதமாகக் கிருமித் தட்டிலும் வைத்தேன். மறுநாள் காலை சாயம் விட்டபோது, சுற்றிலும் எல்லாம் சிவந்தன. அந்த வரிசை வெளுப்பாகவே இருந்தது. என் மருந்து வேலை செய்தது. மரம்தான் அதில் இல்லை.

பேராசிரியர் ஜும்பிசியின் அறையில் மின்விசிறி சுழலாமல் முனகிக்கொண்டிருந்தது. அவருக்குப் பதினாறு மாணவர்கள், இரண்டு குழுத் தலைமை, முதுகுவலி. பதவி உயர்வுக் கோப்பில் மெத்தாங்மின் அவர் பங்குக்கும் ஒரு வரியாக இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எர்வே வேற யார்கிட்ட சொன்னான்?"

"என்கிட்ட மட்டும்தான், புரொஃபசர்."

"நல்ல பையன்." கண்ணாடியை மாட்டினார். "அந்தத் தேர்வாளர் கேட்ட வரைபடத்துக்கு, கருவி ரிப்பேர்னு எழுதிடலாம். அவரு ஒண்ணும் அடம்பிடிக்க மாட்டாரு, அவருக்கும் சாயங்காலம் ஊருக்கு பஸ் புடிக்கணும்."

"ஆனா இது மரத்துலேருந்து வரல."

"தெரியுதும்மா. எனக்கு வேதியியல் சொல்லித்தராத." குரல் உயர்ந்து, உடனே தளர்ந்தது. "ஏழாவத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? ஊருக்கே தெரிஞ்ச ஆறு பொருள். தலைப்பு மாறணும், தேர்வாளர் அறிக்கை திரும்ப வாங்கணும், புதுசா ஏதாவது செஞ்சு காட்டணும். ஒரு வருஷம். கொறைஞ்சது. டிசம்பர் போச்சு."

"தெரியும்."

"இருபத்தாறு வருஷமா பாக்குறேன். நம்ம ஆய்வேட்ட யாரும் தொறக்குறதில்ல. அந்த அலமாரில எலிதான் படிக்குது. வைவா குடு, வேலையில சேரு, ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பாம நிறுத்திடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெனமும் அந்த டிரம்மத் தாண்டித்தான் இந்த ரூமுக்கு வர்றேன். டியூப்பு உள்ள கெடக்குறதப் பாத்துட்டுத்தான் வர்றேன். நல்ல ஐடியான்னு வெளியூர்லேருந்து வந்தவங்களுக்குக் காமிச்சுகூட இருக்கேன். அதனால ஒன்னத் திட்ட எனக்கு வாய் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லு. தள்ளிவைக்கணும்னா ஒன் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். நான் எழுத மாட்டேன்."

வெளியே வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. அந்தப் படிக்கட்டிலேயே சுருண்டு படுத்தால் டிசம்பர் வரை தூங்கியிருப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு நடக்கும்போது நான் முடிவு செய்துவிட்டேன். வைவா கொடுப்பது. ஏழு வருடத்தில் நான் யாரையும் ஏமாற்றவில்லை, எந்த எண்ணையும் மாற்றி எழுதவில்லை, ஒவ்வொரு முறையும் உப்பு வைத்தேன். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டால் என்ன? எலிதானே படிக்கப்போகிறது.

வீட்டில் மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. நாற்காலி முழுக்க வைவாத் துணிகள், நீலத்தில் மஞ்சள் இலை போட்டவை, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. மடியில் பழைய காலண்டரின் பின்பக்கம், கையில் என் மகளின் பென்சில். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். காலண்டர் முழுக்கக் கோணல்மாணலாக, ரோமன் எழுத்தில், சின்ன m-இல் தொடங்கும் ஒரே சொல் எழுதியிருந்தது.

"வா வா, இதப் பாரு. இந்த மொத எழுத்துக்கு மூணு காலா, நாலு காலா? ஒன் மக மூணுன்னுட்டு வெளையாட ஓடிட்டா."

"மூணு மா. எதுக்கு இதெல்லாம்?"

"எதுக்கா? அன்னைக்குத் திரையில என் பேரு வரும்ல? பக்கத்துல இருக்குறவகிட்ட 'இப்ப வந்துருச்சா, இப்ப வந்துருச்சா'ன்னு கேட்டுட்டு இருக்கச் சொல்றியா? நானே படிச்சு, நானே எந்திரிச்சு நிக்க வேணாமா?" பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "மருந்துக்காரின்னு பேரு. தன் பேரையே படிக்கத் தெரியலன்னா சிரிப்பாங்க."

என் முடிவு அந்தக் காலண்டர் மேல் போய் முட்டி நின்றது. தேர்வாளர்கள் முன்னால் பொய் சொல்ல என்னால் முடிந்திருக்கும். இந்தப் பென்சிலுக்கு முன்னால் வாய் எழவில்லை. துணி அடுக்கை ஒதுக்கிவிட்டுத் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"மா, அந்தப் பேரு திரையில வரக் கூடாது."

"ஏன்? வேற யாரு பேரயாவது வச்சிட்டியா? ஒங்கம்மா பேரா?"

"இல்ல மா. அப்படி ஒரு மருந்தே இல்ல."

சொன்னேன். எர்வே, வெறும் கரைப்பான், வெளுத்த வரிசை, எல்லாம். அவருக்குப் பாதியில்தான் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் சீறினார்.

"ஓஹோ. அப்ப என் டியூப்புதான் ஒன் படிப்பக் கெடுத்துச்சா? நான் ஒனக்கு நல்லது பண்ண வந்தேன். வாய வச்சு அந்த விஷத்த உறிஞ்சுனேன், ரெண்டு நாள் கெடந்தேன். கடைசில பழி எம்மேலயா?"

"உங்க மேல பழி இல்ல மா. எடுத்து உள்ள விட்டது நான், விட்டு வச்சதும் நான்."

"பின்ன என்னத்துக்கு டியூப்பு டியூப்புங்குற?"

"டியூப்பு ஏன் மெத்துனு இருக்குன்னா, செய்யும்போதே அதுக்குள்ள ஒரு எண்ணெய் சேக்குறாங்க. அந்த எண்ணெய் வெளிய போயிட்டா டியூப்பு இறுகிடும். என் டியூப்பு அதனாலதான் இறுகுச்சு. வெளிய போனது அப்படியே என் கரைப்பான்ல எறங்கியிருக்கு. அதத்தான் நான் சொட்டுச் சொட்டாப் புடிச்சு, மருந்துன்னு ஒங்க பேர வச்சிருக்கேன்."

அவர் பென்சிலைக் காலண்டர் மேல் மெதுவாக வைத்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், முப்பது வருட எண்ணெய் ஏறி மஞ்சளித்த கை.

"என்னோடதும் இறுகுது," என்றார்.

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. ஏழு வருடம் வேதியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்துறேன். கட்டையாப் போயிடுது. அதுலேருந்து வெளிய வந்தது எங்க போச்சு யோலாந்த்?"

'பாமாயில்ல அது எறங்காது மா' என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில் இருந்தது. அவர் நம்பியிருப்பார். முப்பது வருடமும் அவருக்கு அப்படியே சுத்தமாக இருந்திருக்கும். யாருக்குத் தெரியப்போகுது என்று பேராசிரியர் கேட்டது காதில் கேட்டது.

"எண்ணெய்ல மா."

"நான் வித்த எண்ணெய்லயா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"கொஞ்சமாத்தான் இருக்கும். சரியாத் தெரியாது. அளந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"கெடுதலா?"

"அதுவும் எனக்குத் தெரியாது மா. எண்ணெய்ல இருக்க வேண்டியது இல்ல, அவ்வளவுதான் தெரியும்."

அவர் தலையாட்டினார். சாயம் கலந்த டிரம்மைச் சந்தை நடுவில் கவிழ்த்த பெண் அவர். என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. எழுந்து, இஸ்திரி போட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார். நான் உதவிக்குப் போனபோது கையைத் தட்டிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கும் யாரும் தட்டு வைக்கவில்லை. நானே போட்டுக்கொண்டு தின்றேன், எனக்கு உண்மையில் பசித்தது.

வெள்ளிக்கிழமை காலை, வைவாவைத் தள்ளிவைக்கச் சொல்லும் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடித்துப் பையில் வைத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் சந்தை. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் எண்ணெய்க்காரிகள் வரிசையில் ஒரு கூட்டம் நின்றிருந்தது.

மா மெத்தாங்மோ டிரம்மின் மூடியை முழுதாகக் கழற்றி வைத்திருந்தார். கையில் நீளக் காம்பு போட்ட இரும்புக் கரண்டி, கேனின் வாயில் தகரப் புனல். குனிந்து, மொண்டு, ஊற்றி, மறுபடி குனிந்து. அறுபத்தெட்டு வயது முதுகு ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு சத்தம் போட்டது. டியூப்பைக் காணோம்.

வரிசையில் முதலில் நின்ற டீச்சர் பொறுமை இழந்துவிட்டார்.

"என்ன மா இது? டியூப்பு எங்க? இப்படி மொண்டு மொண்டு ஊத்துனா எப்ப நெறையும்? எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"இனிமே இப்படித்தான். டியூப்புலேருந்து எண்ணெய்க்குள்ள ஏதோ எறங்குதாம்."

"யாரு சொன்னா?"

"என் மருமக. அவதான் கண்டுபிடிச்சா."

"ஒங்க பேர்ல மருந்து கண்டுபிடிச்சாளே, அவளா?"

கரண்டி பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"மருந்தெல்லாம் இல்ல," என்றார் சத்தமாக, அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி. "இதத்தான் கண்டுபிடிச்சா."

"அப்ப இத்தன வருஷமா நாங்க வாங்குனது?"

"அதுலயும் எறங்கியிருக்கும். நான் தெரியாம வித்தேன். இப்பத் தெரியும்."

டீச்சர் கேனை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நகர்ந்தார்கள். அந்தக் கடையில் டியூப் இருந்தது, கேன் வேகமாக நிறைந்தது. மா மெத்தாங்மோ அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கேனுக்குப் புனலை மாற்றினார்.

"டாக்டரம்மா, வேடிக்க பாத்துட்டு நிக்காத. கேனு ஆடுது, வந்து புடி."

"இன்னும் டாக்டர் ஆகல மா. கடிதம் குடுக்கத்தான் போயிட்டு இருக்கேன்."

"ஆபீசு பன்னெண்டு மணி வரைக்கும் தொறந்துதான் இருக்கும். புடி."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மழைச் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கேனைப் பிடித்துக்கொண்டேன்.